கடல் கடந்து பழகிய கால்கள்



நம் ஜொகூர் மாநிலத்தில் சைக்கிள் மிதிக்கத் தெரியாத பிள்ளையைக் காண்பது அரிது. சிகாமட், லாபிஸ், குளுவாங் வட்டாரங்களில் பால்மரத் தோட்டங்கள் நிறைந்திருந்த காலத்தில், லயத்திலிருந்து பள்ளிக்கும் கடைக்கும் கோவில் திருவிழாவுக்கும் சைக்கிளே வாகனம். இன்று பால்மரம் நின்ற பல இடங்களில் செம்பனை நிற்கிறது. சைக்கிள் நின்ற வாசலில் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. ஆயினும், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் தலைக்கவசம் அணிந்து, வரிசையாகச் சைக்கிளோட்டும் இளைஞர்களை நம் சாலைகளில் இப்போதும் காணலாம்.

அந்த இளைஞர்களுள் ஒருவன் ஒரு நாள் வீட்டுக்கு வந்து, "அப்பா, நான் வெளிநாடு போய்ப் பயிற்சி பெற வேண்டும்" என்று சொன்னால் என்ன நடக்கும்? தாய்க்கு, பிள்ளை விழுந்துவிடுவானோ என்ற அச்சம். தந்தைக்கு, படிப்பு கெட்டுவிடுமோ என்ற கவலை. பிள்ளைக்கோ, விமானம் ஏறினாலே பாதி வெற்றி என்ற எண்ணம். இந்த மூவருக்கும் பயன்படும் வகையில், வெளிநாட்டுப் பயிற்சி என்றால் உண்மையில் என்ன என்பதை இன்றைய உரையில் காண்போம்.

சைக்கிளோட்டத்தில் பல வகை உண்டு. அவற்றுள் நம் நாட்டுக்கு உலக அளவில் பெயர் வாங்கித் தந்தது வெலோட்ரோம் எனப்படும் வட்டத் தளத்தில் நடக்கும் ஓட்டமாகும். ஒலிம்பிக் போட்டிக்குரிய தளம் 250 மீட்டர் சுற்றளவு உடையது, மரப்பலகைகளால் ஆனது. அதன் வளைவுகள் ஏறத்தாழ 42 முதல் 45 பாகை வரை சாய்ந்திருக்கும். கீழே நின்று பார்ப்பவருக்கு அது சுவர் போலத் தோன்றும். அதில் ஓடும் சைக்கிளுக்கு பிரேக் கிடையாது. கியரும் ஒன்றுதான். சக்கரம் சுழலும் வரையில் மிதியும் சுழன்றுகொண்டே இருக்கும். காலை ஓய்வாக நிறுத்தி வைக்க இயலாது. சிறந்த வீரர்கள் கடைசி 200 மீட்டரைப் பத்து விநாடிக்கும் குறைவான நேரத்தில் கடக்கிறார்கள். அதாவது, மணிக்கு 70 கிலோமீட்டரையும் தாண்டிய வேகம். சாலையில் காரில் போகும் வேகத்தை ஒரு மனிதன் தன் இரு கால்களால் எட்டுகிறான்.

இந்த வேகத்தில் முதல் எதிரி காற்று. வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. ஆகவே, முன்னால் செல்பவரின் நிழலில் ஒட்டிச் சென்று, வலிமையைச் சேமித்து, தக்க தருணத்தில் வெளியே பாய்வதே இவ்விளையாட்டின் நுட்பம். 1948-ஆம் ஆண்டு ஜப்பானில் தோன்றிய கெய்ரின் ஓட்டத்தில் இந்த நுட்பம் முழுமையாக வெளிப்படும். ஒரு சிறிய மோட்டார் வண்டி முன்னால் செல்லும். மணிக்கு 30 கிலோமீட்டரில் தொடங்கி 50 கிலோமீட்டர் வரை அது வேகத்தை உயர்த்தும். வீரர்கள் அதன் பின்னால் வரிசையாகச் செல்ல வேண்டும். இப்போதைய விதிப்படி ஆறு சுற்றுகளில் மூன்று எஞ்சியிருக்கும்போது அவ்வண்டி விலகிக்கொள்ளும். பிறகு நடப்பது அரை நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான போராட்டம்.

இதைத் திடலில் பழக முடியாது. செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையிலும் பழக முடியாது. நம் நாட்டில் நிலாயில் உள்ள தேசிய வெலோட்ரோம் 2017-ஆம் ஆண்டு சீ விளையாட்டுப் போட்டியின்போதுதான் பயன்பாட்டுக்கு வந்தது. அதற்கு முன்னர், கூரையிட்ட 250 மீட்டர் மரத்தளம் நம்மிடம் இருந்ததில்லை. அந்த நிலையிலும் நம்மவர் உலக அரங்கில் ஓடினார்கள். முருகையன் குமரேசன் என்ற தமிழர், 1988-இல் சியோல் ஒலிம்பிக்கிலும் 1992-இல் பார்சலோனா ஒலிம்பிக்கிலும் மலேசியாவுக்காகச் சைக்கிளோட்டினார் என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

இனி, வெளிநாட்டில் பயிற்சி பெற்ற ஓர் இளைஞரின் கதைக்கு வருவோம். அவர் பெயர் அசிசுல்ஹாஸ்னி அவாங். 1988-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் திரெங்கானு மாநிலத்தின் டுங்குன் ஊரில் பிறந்தவர். உயரத்தில் சிறியவர். ஐரோப்பிய வீரர்கள் பக்கத்தில் நின்றால் தம்பி போலத் தோன்றுவார். இருபது வயதையொட்டிய பருவத்தில், தேசியக் குழுவினருடன் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் தங்கி, ஜோன் பீஸ்லி என்ற பயிற்றுநரிடம் பழகத் தொடங்கினார்.

ஏன் மெல்பர்ன்? அங்கே கூரையிட்ட மரத்தளம் உண்டு. மழை பெய்தாலும் பயிற்சி நிற்காது. அதைவிட முக்கியமான காரணம், அங்கே வலிமையான போட்டியாளர்கள் உண்டு. ஆஸ்திரேலியர்களிடம் ஒரு பழைய வழக்கம் இருக்கிறது. வேகமான வீரரைப் பின்னால் நிறுத்தி, மெதுவானவர்களுக்கு முன்னிடம் கொடுத்து, எல்லாரையும் ஒரே நேரத்தில் ஓடவிடுவார்கள். மெல்பர்னில் 1887-இல் தொடங்கிய ஆஸ்திரல் வீல் ரேஸ் இவ்வகைப்பட்டது. சொந்த ஊரில் முதலிடம் பெற்றுப் பழகியவன் இத்தகைய நாட்டில் போட்டியிடும்போது, தனக்குக் கொடுக்கப்பட்ட இடமே தன் தகுதியைச் சொல்லிவிடும். அந்த உண்மையைத் தாங்கிக்கொள்வதே வெளிநாட்டுப் பயிற்சியின் முதல் பாடம்.

இரண்டாவது பாடம் பொறுமை. வேகவோட்டப் பயிற்சி என்றால் நாள் முழுவதும் மிதித்துக்கொண்டே இருப்பது என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில், தளத்தில் முழு வலிமையோடு பாயும் சுற்றுகள் மிகச் சில. ஒவ்வொன்றும் விநாடிக் கணக்கில் முடிந்துவிடும். பிறகு நெடுநேரம் ஓய்வு. களைத்த கால் மெதுவாக ஓடத்தான் பழகும் என்பது இதன் காரணம். மற்ற நேரத்தில் தோளில் இரும்பைத் தூக்கிக் கால் தசையை வளர்க்க வேண்டும். உணவை அளந்து உண்ண வேண்டும். உரிய நேரத்தில் உறங்க வேண்டும். கடிகாரம் ஒரு விநாடியின் நூறில் ஒரு பங்கு குறைவாகக் காட்டுவதற்கு மாதக்கணக்கில் உழைக்க வேண்டும். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்களே, அதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேறில்லை.

மூன்றாவது, தனிமை. ஜொகூர் பாருவிலிருந்து மெல்பர்ன் ஏறத்தாழ 6,000 கிலோமீட்டர் தொலைவு. இங்கே ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும்தான். அங்கே ஜூன், ஜூலை மாதங்களில் விடியற்காலைக் குளிர் எலும்பைத் தொடும். நம் வீட்டில் தீபாவளியோ நோன்புப் பெருநாளோ நடக்கும்போது, பிள்ளை அங்கே சோற்றைத் தானே சமைத்து உண்டுகொண்டிருப்பான். இதைத் தாங்க முடியாமல் திரும்பி வருவதில் இழிவு ஒன்றுமில்லை. ஆனால், இது வரும் என்று முன்கூட்டியே அறிந்து செல்பவனுக்குச் சுமை பாதியாகிறது.

அசிசுலின் உழைப்புக்குப் பலன் விரைவிலேயே தெரிந்தது. 2009-ஆம் ஆண்டு போலந்தில் நடைபெற்ற உலக வெற்றியாளர் போட்டியில், தம் 21-ஆம் வயதில், வேகவோட்டத்தில் வெள்ளி வென்றார். அடுத்த ஆண்டு கோப்பன்ஹேகனில் கெய்ரினில் மற்றொரு வெள்ளி.

அதன் பிறகு வந்தது 2011 பிப்ரவரி மாதம். இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் உலகக் கிண்ணப் போட்டி. கெய்ரின் இறுதிச் சுற்றில் வீரர்கள் மோதி விழுந்தார்கள். தளத்திலிருந்து பெயர்ந்த ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் நீளமுள்ள மரச்சிராய் ஒன்று அசிசுலின் கெண்டைக்காலில் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வெளிவந்தது. அவர் அந்த நிலையிலேயே எழுந்து, சைக்கிளில் ஏறி, எல்லைக்கோட்டைக் கடந்து மூன்றாம் இடம் பெற்றார். அறுவை செய்துதான் அச்சிராயை அகற்றினார்கள்.

இதை வீரத்தின் கதையாகப் பலர் சொல்வார்கள். அது சரியே. ஆனால், அக்கதையை நாம் அந்த இடத்தில் நிறுத்திவிடக் கூடாது. எல்லைக்கோட்டைக் கடந்தது சில விநாடிச் செயல். அதற்குப் பின்னர், அதே காலைக் கொண்டு, அதே போன்ற மரத்தளத்தில், அதே சாய்வில் மீண்டும் ஏறினாரே, அதுதான் பெரிது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் கெய்ரின் இறுதிச் சுற்றை எட்டி ஆறாம் இடம் பெற்றார். 2016-இல் ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றார். சைக்கிளோட்டத்தில் மலேசியாவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுவே. 2017-இல் ஹாங்காங்கில் கெய்ரின் உலக வெற்றியாளர் ஆனார். 2020-க்குரிய தோக்கியோ ஒலிம்பிக், கொள்ளைநோயால் 2021-இல் நடைபெற்றது. அதில் வெள்ளி வென்றார்.

நேயர்களே, கணக்கிட்டுப் பாருங்கள். முதல் உலக வெள்ளிக்கும் ஒலிம்பிக் வெண்கலத்துக்கும் இடையே ஏழு ஆண்டுகள். அந்த ஏழு ஆண்டுகளில் செய்தித்தாள் அவரைப் பற்றி எழுதிய நாள்கள் சில. எழுதாத நாள்களோ ஆயிரக்கணக்கில். பிள்ளையை அனுப்பும் பெற்றோர் அந்த எழுதாத நாள்களுக்குத்தான் தயாராக வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2022-ஆம் ஆண்டில் அவருக்கு இதய அறுவை சிகிச்சை நடைபெற்றது. இதயத்துக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய் ஒன்று பிறவியிலேயே இடம் மாறி அமைந்திருந்தது கண்டறியப்பட்டது. உலகின் மிக வேகமான மனிதர்களுள் ஒருவரின் நெஞ்சிலே இப்படியொரு குறை இத்தனை காலமும் மறைந்திருந்தது! வெளியே திடகாத்திரமாகத் தெரியும் பிள்ளைக்கும் மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

சிகிச்சைக்குப் பின் அவர் மீண்டும் ஓடி, 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்றார். அங்கே கெய்ரின் முதல் சுற்றில், முன்னால் செல்லும் மோட்டார் வண்டி விலகுவதற்கு முன்பே அதைத் தாண்டியதற்காகத் தகுதி நீக்கப்பட்டார். ஏறத்தாழ இருபது ஆண்டு அனுபவம் உடையவருக்கும் ஒரு நொடியில் இப்படி நேர்கிறது. விளையாட்டு எவருக்கும் உத்தரவாதம் தருவதில்லை.

ஆனால், அதே பாரிஸில், அதே கெய்ரின் போட்டியில், நம் ஜொகூரைச் சேர்ந்த முகமட் ஷா ஃபிர்டாவுஸ் சாரோம் இறுதிச் சுற்றுக்குள் நுழைந்தார். அவரும் தேசியக் குழுவில், மூத்தவர் அசிசுலுடன் ஒன்றாகப் பயிற்சி பெற்றவர். அவருக்குப் பதக்கம் கிட்டவில்லை. இருப்பினும், மூத்தவர் தவறிய நாளில் இளையவர் வழியைத் தொடர்ந்தார் அல்லவா? ஒருவர் வெளிநாட்டில் கற்றது அவரோடு முடிந்துவிடாமல் அடுத்தவர் கைக்குச் சென்றது. ஒரு நாடு தன் பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்புவதன் பயன் இங்கேதான் இருக்கிறது.

ஆகவே, பெற்றோர்களே, பிள்ளை இக்கேள்வியைக் கொண்டுவரும் நாளில் உடனே மறுத்துவிடாதீர்கள். உடனே தலையாட்டியும் விடாதீர்கள். சிலவற்றை விசாரியுங்கள். பயிற்றுநர் யார்? அவரிடம் முன்பு பழகியவர்கள் என்ன ஆனார்கள்? அங்கே பிள்ளைக்கு உணவும் உறைவிடமும் யார் பொறுப்பு? காயம்பட்டால் மருத்துவச் செலவை ஏற்பவர் யார்? படிப்பு தொடருமா? மூன்று ஆண்டு கழித்துப் பதக்கமின்றித் திரும்பினால், அவன் கையில் என்ன சான்றிதழ் இருக்கும்? இவற்றுக்கு விடை கிடைத்தால் அச்சத்தில் பெரும்பகுதி நீங்கிவிடும். விடை கிடைக்காவிட்டால், அந்த அழைப்பை ஏற்காமல் இருப்பதே நலம்.

இளைஞர்களே, உங்களுக்கும் ஒரு சொல். வெளிநாட்டுத் தளம் உங்களுக்கு வேகத்தைப் பரிசாகத் தந்துவிடாது. நீங்கள் கொண்டு செல்வதைத்தான் அது சாணை பிடிக்கும். விடியலில் எழும் பழக்கம், சொன்ன நேரத்துக்கு வரும் ஒழுக்கம், தோற்ற பின்பும் எதிராளியின் கையைப் பற்றிக் குலுக்கும் பண்பு ஆகியவற்றை இங்கேயே சேர்த்துக்கொள்ள முடியும். கோத்தா திங்கி மாவட்டத்தின் பண்டார் பெனாவாரில் ஒரு விளையாட்டுப் பள்ளி இருக்கிறது. நிலாய் வெலோட்ரோமும் ஜொகூர் பாருவிலிருந்து ஏறக்குறைய மூன்று மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. முந்திய தலைமுறை கடல் கடந்து தேடியதில் ஒரு பகுதி இன்று நம் நாட்டிலேயே கிடைக்கிறது. முதலில் இங்கே உள்ளதைப் பயன்படுத்துங்கள். அது போதாமல் போகும் நாளில், உங்கள் கால்களே கடல் தாண்டும் வழியைக் கேட்கும். அப்போது உங்கள் பெற்றோர் மறுக்கமாட்டார்கள்.