மணப்பொருத்தமும் மரபுநோயும்
(திருவிடந்தையில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நித்தியகல்யாணப் பெருமாள் காலவ முனிவரின் கன்னியர் 360 பேரை நாளொருவராக மணந்தருளிய தலம் இத்திருவிடந்தை. மணம் கைகூட வேண்டி மாலையேற்று ஒன்பது முறை வலம்வருவோரை இன்று காலையிலும் கண்டோம். ஆதலின், மணத்தோடு தொடர்புடைய நோயொன்றைப் பற்றி இங்குச் சில கூற விரும்புகின்றோம்.

நம் பந்துக்கள் இல்லமொன்றில் அக்காள் மகளை மணந்தார் ஒருவர். முதற் பிள்ளை நல்ல எடையுடன் பிறந்தது. இரண்டாம் நாள் பால் மறுத்தது. மூன்றாம் நாள் வலிப்புக் கண்டு இறந்தது. இரண்டாம் பிள்ளைக்கும் அவ்வாறே நேர்ந்தது. செவ்வாய் தோஷம் என்றனர் சிலர். மருமகள் கால் வைத்த நேரம் என்றனர் சிலர். நாமும் அப்போது வாய்மூடி இருந்தோம். மூன்றாம் பிள்ளை பிறந்தபோது ஓர் இளம் வைத்தியர் குருதியிலுள்ள அம்மோனியாவை அளப்பித்தார். உண்மை வெளிப்பட்டது.

பருப்பு, பால், மீன் முதலியவற்றிலுள்ள புரதம் உடலிற் சிதையுங்கால் அம்மோனியா என்னும் நஞ்சு உண்டாகும். மாட்டுத் தொழுவத்தில் மூக்கைத் துளைக்கும் நெடி அதுவே. கல்லீரல் அதனை யூரியாவாக மாற்ற, அது சிறுநீரிற் கழிகின்றது. இவ்வியக்கத்தை 1932-இல் ஜெர்மனியில் ஹான்ஸ் கிரெப்ஸ், கூர்ட் ஹென்செலைட் இருவரும் கண்டறிந்தனர். இதற்குரிய நொதிகளுள் ஒன்று பிறவியிலேயே குறைபடின், அம்மோனியா பெருகி மூளையைத் தாக்கும். கருவிலிருக்கும்வரை தாயின் உடலே அதனைக் கழித்துவிடுதலின், குழந்தை நலமாகவே பிறக்கும்.

இந்நோயின் பெரும்பாலான வகைகளில், பழுதுற்ற மரபணு தாய் தந்தை இருவரிடமும் ஒவ்வொன்று மறைந்திருக்கும், அவர்களுக்கு நோயில்லை. ஆயினும் ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்துண்டு. தாய்மாமனும் அக்காள் மகளும் ஒரே குடிவழியினர் ஆதலின், அதே பழுது இருவரிடமும் இருத்தல் எளிது. மற்றொரு வகை தாய்வழி வந்து ஆண்மக்களையே மிகுதியும் வருத்தும். அதற்கு உறவுமணம் காரணமன்று. எவ்வகையாயினும், பெற்றவள்மேற் பழியில்லை.

பிறந்த சில நாளிற் பால் மறுத்தல், ஓயாத உறக்கம், வாந்தி, மூச்சு விரைதல், வலிப்பு ஆகிய இவை கிருமித் தொற்றுப்போலவே தோன்றும். குருதியில் அம்மோனியாவையும் பார்க்குமாறு வைத்தியரைக் கேளுங்கள். ஒரு நாழிகையும் தாழ்த்தாதீர். குளுக்கோஸ் ஏற்றியும், அம்மோனியாவை அகற்றும் மருந்தளித்தும், வேண்டின் குருதியைச் சுத்திகரித்தும் காப்பர். பின்னர் வைத்தியர் வகுத்த அளவிற் புரதமும், நாள் தவறாத மருந்தும் வேண்டும். பட்டினி ஆகாது, காய்ச்சலோ வாந்தியோ கண்டால் அன்றே மருத்துவமனை சேர்தல் வேண்டும். சிலர்க்குக் கல்லீரல் மாற்றுச் சிகிச்சை பயன்தரும். 2021-இல் இந்திய அரசு வகுத்த அரிய நோய்க் கொள்கையில் இந்நோயும் அடங்கும். சென்னை எழும்பூர்க் குழந்தைகள் நல மருத்துவமனை அதன் சிறப்பு மையங்களுள் ஒன்று.

உறவில் மணம் பேசுவோர், சாதகம் எடுக்குமுன் இரு வீட்டிலும் காரணம் தெரியாது இறந்த சிசுக்கள் உண்டோ என வினவுக. உண்டெனில் மறையாது சொல்லி, மரபணு வைத்தியரைக் காண்க. இதனை நம் சங்கம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அறிவித்தல் வேண்டும்.

அம்மூன்றாம் பிள்ளை இன்று நிறுத்தளந்த உணவுண்டு பள்ளி செல்கின்றது. அதன் தாயிடம், அன்று பேசாதிருந்த பிழைக்கு நாம் பொறுத்தருள வேண்டினோம். மற்றெவரும் அவ்வாறு வேண்டும் நிலை வாராதிருக்கவே இவ்வளவும் உரைத்தோம்.