நொய்யற்கரைத் தொல்லியலும் நம் பிள்ளைகளும்

பனியன் தொழிலையே பிள்ளைகளுக்கு விட்டுச்செல்ல எண்ணும் பெற்றோரிடையே தொல்லியல் படிப்பைப் பற்றிப் பேசப் பணித்துள்ளீர்கள். நம் நொய்யல் கிழக்கே சென்று தொடும் கொடுமணலை நினையுங்கள். 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அங்கு அகழ்ந்தனர். நூல் நூற்ற தக்களி வில்லைகளும், தமிழி எழுத்துப் பொறித்த பானையோடுகளும் கிடைத்தன. ஓர் ஓட்டில் ‘நிகம’ என்றிருந்தது. வணிகர் குழுவைக் குறிக்கும் பிராகிருதச் சொல் அது. இரு மொழியும் அறிந்தவர்க்கே அவ்வோடு பேசும்.

2020இல் இந்தியத் தொல்லியல் துறையின் கல்வி நிறுவனம் ஈராண்டு முதுநிலைப் பட்டயப் படிப்பை அறிவித்தபோது, மொழிப் பட்டியலில் சமற்கிருதம், பாலி, பிராகிருதம், அரபு, பாரசீகம் இருந்தன, தமிழ் இல்லை. தமிழ் முதுகலை பயின்ற எனக்கு நெஞ்சு சுட்டது. எதிர்ப்பெழுந்த பின்னரே தமிழ் சேர்ந்தது. போராடிப் பெற்ற இடத்தில் அமர ஆள் வேண்டாமா?

வேலை கிடைக்குமா என்பீர்கள். இடங்கள் குறைவு, மறைக்கமாட்டேன். ஒன்றிய, மாநிலத் தொல்லியல் துறைகள், அருங்காட்சியகங்கள், பல்கலைக்கழகங்கள் ஆகியவற்றுள் பெரும்பாலும் தேர்வெழுதியே புக வேண்டும். எனவே முதுகலைக் காலத்திலேயே கல்வெட்டை மைப்படி எடுக்கவும், அகழ்குழியின் மண்ணடுக்கை வரையவும் பழகுதல் வேண்டும். விசயமங்கலம் சமணக் கோயில் அருகில்தான் உள்ளது. வரும் ஞாயிறன்று பிள்ளைகளை அங்கு அழைத்துச் செல்லுங்கள். கல்வெட்டு வாசிக்க நானும் உடன் வருகிறேன்.