ஈமெயில் மடல் தொடங்க எந்த வழி லேசு?

(தோட்ட இளைஞர் கழக அங்கத்தவர்களுக்கான ஒருநாள் வகுப்பில் ஆற்றிய உரை)



பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். நம்ம லயத்துக் காம்பராக்களுக்குத் தனி விலாசம் இருந்ததில்லை. தபால் தோட்ட ஆபீசுக்கு வரும். அங்கிருந்து யார் கையிலாவது கொடுத்தனுப்பினால்தான் வீடு வந்து சேரும். இண்டர்வியூ முடிந்து நாலு நாள் கழித்துக் கடிதம் கிடைத்த பிள்ளைகள் நம்மிடையே உண்டு. பல தோட்டங்களில் இந்த நிலைமை இன்னும் முற்றாக மாறவில்லை.

ஈமெயில் அப்படியில்லை. அது நேரே அவரவர் கைக்குப் போகிறது. கொழும்பில் கடையில் நிற்கிற தம்பியும் கட்டாருக்குப் போன அண்ணனும் சிம் காட்டை மாற்றினாலும் ஈமெயில் விலாசம் மாறுவதில்லை. அதனால்தான் உங்கள் கழகங்கள் மாதம் ஒரு மடல் அனுப்ப விரும்புவதாகச் சொன்னபோது நாங்கள் சந்தோஷப்பட்டோம். வட்ஸ்அப் குறூப் போதாதா என்று கேட்கலாம். அவசரச் செய்திக்குப் போதும். ஆனால் குறூப்பில் இருக்கிற எல்லாருக்கும் நம்ம பிள்ளைகளின் போன் நம்பர் தெரிந்துவிடும். அதனால் வந்த தொந்தரவுகளை இங்கே இருக்கிற யுவதிகளிடமே கேளுங்கள்.

எந்தக் கருவி நல்லது என்று சொல்வதற்கு முன், நாங்கள் செய்த பிழையைச் சொல்லிவிடுகிறோம். 2023இல் ஊழியர் சேமலாப நிதி பற்றி 62 பேருக்கு ஒரு கடிதம் அனுப்பினோம். எல்லா விலாசத்தையும் ‘டூ’ என்ற கட்டத்திலேயே போட்டுவிட்டோம். கொழும்பில் வேலை செய்யும் ஒரு மகள் பதில் எழுதினாள். அப்பா இறந்து ஒரு வருஷம், சேமலாபப் பணம் இன்னும் கிடைக்கவில்லை, மரணச் சான்றிதழில் ஒரு பேர், அடையாள அட்டையில் வேறு பேர் என்று எழுதி, எல்லாருக்கும் போகிற பட்டனை அழுத்திவிட்டாள். 62 பேரும் படித்தார்கள். அடுத்த நாளே கடன் கொடுத்தவர்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். அந்த அம்மா எங்களிடம் வந்து, “எங்க வீட்டுக் கதைய ஏன் தோட்டம் பூராவும் போட்டீங்க?” என்று கேட்டார். எங்களுக்குப் பதில் இல்லை. பிள்ளையின் பிழை இல்லை அது, எங்கள் பிழை.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது ஒருவர் விலாசம் இன்னொருவருக்குத் தெரியக்கூடாது என்பதுதான். நாற்பது ஐம்பது பேர் என்றால் ஜிமெயிலே போதும், புதிதாய் ஒன்றும் வேண்டாம். ‘டூ’ கட்டத்தில் உங்கள் விலாசத்தை மட்டும் போடுங்கள். மற்றவர்களை எல்லாம் ‘பீசீசீ’ என்ற கட்டத்தில் போடுங்கள். யார் பதில் எழுதினாலும் அது உங்களுக்கு மட்டும்தான் வரும். சாதாரண ஜிமெயில் கணக்கில் ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுப்பலாம், நமக்கு அது தாராளம். ஒரே குறை, யாராவது “என்னை எடுத்துவிடுங்க” என்றால் நீங்கள்தான் கையால் எடுக்க வேண்டும். மறந்துவிட்டால் மனஸ்தாபம்.

ஆட்கள் கூடும்போது மடலுக்கென்றே இருக்கும் சேவைக்குப் போகலாம். மெயில்சிம்ப் என்பது 2001இல் தொடங்கிய பழைய பேர். அதில் இல்லாத வசதி இல்லை. ஆனால் ஒரு பக்கெட் தேயிலைத்தூள் வாங்க வந்தவனுக்கு ஃபக்டரியையே சுற்றிக் காட்டுவது போலத்தான் புதிதாய்ப் போகிறவருக்கு இருக்கும். முன்பு 2,000 பேர் வரை இலவசம் என்றிருந்ததையும் படிப்படியாகக் குறைத்துவிட்டார்கள். அதோடு, மடலின் அடியில் ஒரு தபால் விலாசம் போடச் சொல்லும். எந்த விலாசத்தைப் போடுவது? மறுபடி தோட்ட ஆபீசா?

சப்ஸ்டாக் என்பது 2017இல் வந்தது. எங்கள் அபிப்பிராயத்தில் பழக்கமில்லாதவருக்கு இதுதான் லேசு. கடிதம் எழுதுவது போல எழுதி அனுப்பு பட்டனை அழுத்தினால் போதும். வாசகரிடம் சந்தா வாங்கினால் அதில் நூற்றுக்குப் பத்து எடுப்பார்கள். இலவசமாய் அனுப்பினால் செலவில்லை. விலகுகிறவர் தானே ஒரு இடத்தைத் தொட்டு விலகிக்கொள்ளலாம். ஆனால் ஒன்று, நீங்கள் அனுப்புகிற மடல் இணையத்திலும் எவரும் பார்க்கும்படி நிற்கும். யார் வீட்டு வழக்கையும் அதில் எழுதாதீர்கள்.

இலவசம், லேசு என்றதும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடவும் கூடாது. டைனிலெட்டர் என்று ஒன்று இருந்தது. புதியவர்களுக்கு அவ்வளவு சுலபம். மெயில்சிம்ப் அதை 2011இல் வாங்கியது, 2024 பெப்ரவரி கடைசியில் மூடிவிட்டது. ரெவ்யூ என்பதை டுவிட்டர் 2021இல் வாங்கி 2023 ஜனவரியில் மூடியது. பட்டியலை இறக்கி வைத்திருந்தவர்கள் வேறு இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஆகவே எதைத் தெரிவு செய்தாலும் ‘எக்ஸ்போர்ட்’ என்ற வசதி இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். சப்ஸ்டாக்கிலும் மெயில்சிம்ப்பிலும் இருக்கிறது. மாதம் ஒருமுறை பட்டியலை எடுத்து வையுங்கள்.

பாஸ்வேர்டை ஒரே ஆளிடம் விடாதீர்கள். செயலாளர் தம்பி நல்லவர்தான். ஆனால் அவருக்கு விசா வந்தால் மடலும் அவரோடு பிளேன் ஏறிவிடும்! தலைவர், செயலாளர் இருவரிடமும் இருக்கட்டும்.

தமிழைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம்ம பக்கத்தில் டைப் செய்கிறவர்கள் பலர் இன்னும் பாமினியில்தான் அடிக்கிறார்கள். அதை அப்படியே ஈமெயிலில் ஒட்டினால் வாங்குகிறவருக்கு இங்கிலீஷ் எழுத்தும் கோடும் புள்ளியுமாய்த் தெரியும். யூனிகோடில் அடியுங்கள். போனில் இருக்கிற தமிழ் கீபோர்டு யூனிகோடுதான். படங்களைக் குறையுங்கள், டேட்டா காட் போடுவது நம்ம சனம்தானே. மிக நீளமாய் எழுதினால் ஜிமெயில் 102 கிலோபைட்டுக்கு மேல் வெட்டி மறைத்துவிடும். யூனிகோடில் தமிழ் எழுத்துக்கு இங்கிலீஷ் எழுத்தைவிடக் கூடுதல் இடம் தேவை என்பதால் நாம் அந்த எல்லையைச் சீக்கிரம் தொட்டுவிடுவோம்.

விலாசம் சேர்க்கும்போது ஆளைக் கேட்டுச் சேருங்கள். பிள்ளை மடுவத்துப் பதிவேட்டிலோ செக்ரோலிலோ பார்த்து எழுதக்கூடாது. 2022இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று பாராளுமன்றத்தில் நிறைவேறியிருக்கிறது. அந்தச் சட்டம் இல்லாவிட்டாலும் கேட்பதுதான் மரியாதை. ஒரு கொப்பியில் பேர், விலாசம், சம்மதம் சொன்ன திகதி மூன்றையும் எழுதி வையுங்கள்.

இப்போது தேத்தண்ணி வருகிறது. குடித்துவிட்டு ஒவ்வொரு கழகத்திலிருந்தும் இரண்டு பேர், அதில் ஒருவர் யுவதியாக, முன்வரிசைக்கு வாருங்கள். அவரவர் போனிலேயே பத்து பேருக்கு ஒரு மடல் ‘பீசீசீ’யில் அனுப்பிப் பார்ப்போம்.