கொட்டிலைத் தேடி வந்த ஆய்வுக்கூடம்



பிறந்த ஊரை விட்டு நெடுந்தொலைவில் வாழும் நமக்கு, செய்தி காலந்தாழ்ந்து வருவதன் துன்பம் இன்னதென்று எடுத்துரைக்க வேண்டியதில்லை. தந்தி கிடைத்து, ரயிலேறி, ஊர் சேர்வதற்குள் காரியம் முடிந்துவிட்ட காலம் ஒன்று இருந்தது. நோய்க் கிருமிகளைப் பற்றிய செய்தியும் நெடுங்காலம் அவ்வாறே வந்துகொண்டிருந்தது. அந்தத் தாமதத்தை விஞ்ஞானம் குறைத்த வரலாறு ஒன்றை இன்று கூற விரும்புகிறேன்.

1918-ஆம் ஆண்டில் இன்புளுயன்சா காய்ச்சல் உலகெங்கும் மக்களை வாரிக்கொண்டு போயிற்று. அதே ஆண்டில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பன்றிகளும் நோயுற்றன. கோயன் என்ற கால்நடை மருத்துவர், மக்களை வாட்டும் நோயும் இதுவும் ஒன்றே என்றார். வாணிகம் கெடுமே என்று அஞ்சிய பன்றி வளர்ப்போர் அவர்மீது சினங்கொண்டனர். பன்றிக் காய்ச்சலுக்குக் காரணம் ஒரு வைரஸ் என்பதை ரிச்சர்டு ஷோப் என்ற விஞ்ஞானி 1931-இல்தான் வெளியிட்டார். இடையே 13 ஆண்டுகள் கழிந்துவிட்டன.

பன்றியின் மீது இத்துணைக் கவனம் ஏன்? மனிதரைப் பற்றும் இன்புளுயன்சா வைரஸும், பறவைகளைப் பற்றும் வைரஸும் பன்றியின் உடலில் குடிபுக வல்லவை. இந்த வைரஸின் மரபுப்பொருள் 8 துண்டுகளால் ஆனது. இருவகை வைரஸ்கள் ஒரே பன்றியில் புகுந்தால், இரண்டு சீட்டுக்கட்டுகளைச் சேர்த்துக் கலைத்தாற்போல் துண்டுகள் கலந்து, புதியதொரு வைரஸ் தோன்றலாம். 2009-இல் உலகெங்கும் பரவிய காய்ச்சலின் வைரஸ், பன்றிகளிடையே உலவிய வைரஸ்கள் இவ்வாறு கலந்ததால் விளைந்ததே.

அமெரிக்க நாட்டுப்புறக் கண்காட்சிகளுக்குச் சிறுவர் சிறுமியர் தாம் வளர்த்த பன்றிகளைக் கொண்டுவருவது வழக்கம். 2012-இல் பன்றிகளிடமிருந்து 300-க்கு மேற்பட்டோருக்குக் காய்ச்சல் தொற்றியது. அவர்களுட் பெரும்பாலோர் குழந்தைகள். நோய் தொற்றிய பன்றி நலமுள்ளது போலவே தோன்றவும் கூடும். மாதிரியைத் தொலைவிலுள்ள ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பி விடை பெறுவதற்குள் கண்காட்சி கலைந்துவிடுமன்றோ?

ஆகவே விஞ்ஞானிகள் ஆய்வுக்கூடத்தையே பெட்டியில் அடைத்துக் கொட்டிலுக்குக் கொண்டுசென்றனர். 'மியா' என்பது அதன் பெயர். அதன் உயிர்நாடி உள்ளங்கையில் அடங்கும் ஒரு கருவி. அதிலுள்ள நுண்துளை வழியே மரபிழை செல்லும்போது மின்னோட்டம் மாறுபடும்; அம்மாறுபாட்டைக் கணிப்பொறி எழுத்துக்களாகப் படித்துத் தரும். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இக்கருவி ஓர் உறவினனைப் போலவே தோன்றுகிறது.

ஒரு பெரிய பன்றிக் கண்காட்சியில், பெட்டிகளைப் பிரித்த ஏறத்தாழ 18 மணி நேரத்திற்குள் 13 வைரஸ்களின் முழு மரபுத்தொகுதியையும் படித்து முடித்தனர். இச்செய்தி 2020-இல் வெளியாயிற்று. அங்கே கண்ட வைரஸ் வகைகளுள் ஒன்று, முன்னெச்சரிக்கையாக ஆயத்தம் செய்திருந்த தடுப்பூசி வித்திலிருந்து 30-க்கு மேற்பட்ட இடங்களில் வேறுபட்டிருந்தது. படித்த எழுத்துக்களை மின்னஞ்சலில் அனுப்பினர். அவற்றைக் கொண்டே புதிய வித்தை உருவாக்கும் பணி, ஒரு பயிற்சியாக, உடனே தொடங்கிற்று.

இக்கருவி நோயைத் தீர்ப்பதன்று. கொட்டிலில் உண்ணாதிருத்தல், வெளியே வந்ததும் கைகழுவுதல் ஆகிய எளிய காப்புகள் என்றும் வேண்டுவனவே. ஆயினும் கோயன் கண்ணால் கண்டதை மெய்ப்பிக்க 13 ஆண்டுகள் ஆயின. இன்று ஓரிரவும் ஒரு பகலும் போதும். காலத்தில் வந்து சேரும் செய்தியும் ஒருவகை மருந்தே.