750 சொற்களும் ஒரு வசையும்

(குயிலாப்பாளையத்தில் நடந்த திரைப்பட உரையாடலில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஃபேன்டசி படங்களில் மொழியும் மொழிபெயர்ப்பும் பற்றிப் பேசச் சொன்னீர்கள். நான் மொழிபெயர்ப்பியலில் ஆய்வு செய்கிறவன். பூதமும் ராஜாவும் வருகிற படத்தில் சாதிக்கு என்ன வேலை என்று சிலருக்குத் தோன்றலாம். என் கணக்கில் அங்கேதான் அதை நன்றாகப் பார்க்க முடியும். கிராமத்துக் கதை எடுக்கிறவர், "ஊரில் அப்படித்தானே பேசுகிறார்கள்" என்று தப்பித்துக்கொள்ளலாம். ஃபேன்டசி எடுக்கிறவருக்கு அந்தச் சாக்கு இல்லை. நாடு, கடவுள், உடை, மொழி எல்லாமே அவர் முடிவு செய்வது. எதை வேண்டுமானாலும் கற்பனை செய்யலாம் என்ற இடத்தில் எதைக் கற்பனை செய்யாமல் விட்டார்கள் என்று பார்க்க வேண்டும்.

நம் எல்லோருக்கும் தெரிந்த படம், பாகுபலி. 2015 ஜூலையில் வெளியானது. தெலுங்கிலும் தமிழிலும் சேர்த்தே எடுத்தார்கள். தமிழ் வசனம் மதன் கார்க்கி. காலகேயர் என்ற எதிரிக் கூட்டத்துக்காக அவர் 'கிளிக்கி' என்றொரு மொழியை உருவாக்கினார். ஏறத்தாழ 750 சொற்கள், 40 இலக்கண விதிகள். 2020 பிப்ரவரி 21, உலகத் தாய்மொழி நாளில், அதைக் கற்றுக்கொள்ள ஓர் இணையதளமும் வந்தது. மொழியியல் ஆர்வம் உள்ளவன் என்ற முறையில் அந்த உழைப்பை நான் மதிக்கிறேன்.

ஆனால் அந்த மொழி யார் வாயில் வைக்கப்பட்டது? மேனி முழுக்கக் கருப்புப் பூசப்பட்டு, சடைமுடியோடு, பற்களைக் காட்டிக்கொண்டு வருகிற கூட்டத்தின் வாயில். அரங்கை விட்டு வெளியே வந்தவர்களில் எத்தனை பேருக்கு அதில் ஒரு சொல்லுக்காவது பொருள் தெரிந்திருந்தது? இலக்கணம் உள்ள மொழிதான், ஆனால் நம் காதில் விழுந்தது உறுமல். அவர்கள் ஏன் படையெடுத்தார்கள், அவர்கள் ஊரில் என்ன நடந்தது, எதுவும் நமக்குத் தெரியாது. தெரிந்தால் அவர்கள் சாகும்போது கைதட்ட முடியாது.

அதே ஆண்டுகளுக்குச் சற்று முன்னால், 2009இல், அவதார் வந்தது. அதில் நாவி மக்களுக்காக பால் ஃப்ரோமர் என்ற மொழியியலாளர் ஒரு மொழியை உருவாக்கினார். அங்கே அந்த மொழிக்குச் சப்டைட்டில் உண்டு. கதாநாயகன் உட்கார்ந்து அதைக் கற்றுக்கொள்கிறான். கடைசியில் வெளியிலிருந்து வந்த ஒருவன்தான் அவர்களுக்குத் தலைவனாகிறான் என்ற குறை அந்தப் படத்துக்கும் உண்டு. ஆனாலும் ஒரு கூட்டத்தின் மொழியைச் சத்தமாக வைப்பதா, பேச்சாக வைப்பதா என்பது படைப்பவரின் தேர்வு என்று அது காட்டுகிறது.

பாகுபலியின் தமிழ் வடிவத்தில் இன்னொரு சொல்லும் இருந்தது. 'பகடைக்குப் பிறந்தவன்' என்று கதாநாயகன் எதிரியைப் பற்றிச் சொல்கிற வசனம். தென்மாவட்டங்களில் பகடை என்பது அருந்ததியர் மக்களைக் குறிக்கும் பெயர். பூலித்தேவன் படையில் நின்ற ஒண்டிவீரன் ஒரு பகடை. 2022இல் அவருக்கு அஞ்சல் தலை வெளியிட்டது ஒன்றிய அரசு. அருந்ததியர் அமைப்புகள் அந்த வசனத்தை எதிர்த்தன. மதுரையில் ஒரு திரையரங்கின் மீது பெட்ரோல் குண்டு வீசப்பட்டது. அதை நான் நியாயப்படுத்தவில்லை. வசனகர்த்தா மன்னிப்புக் கேட்டார். சொல்லை நீக்குவதாக அறிவித்தார்கள். விஷயம் அத்தோடு முடிந்துவிட்டதாக எல்லோரும் நகர்ந்துவிட்டோம்.

எனக்கு அது முடியவில்லை. பகடை என்றால் தாயக்கட்டை என்றும் பொருள் உண்டே என்று அப்போது பலர் வாதாடினார்கள். அகராதியில் உண்டுதான். ஆனால் தாயக்கட்டைக்கு யாரும் பிறப்பதில்லை தோழர்களே. 'இன்னாருக்குப் பிறந்தவன்' என்ற அமைப்பே பிறப்பை வைத்துக் கேவலப்படுத்துவதற்காக நம் மொழியில் இருக்கிற அச்சு. அதில் எந்தப் பெயரை ஊற்றினாலும் அது வசையாகத்தான் வரும். எழுதியவர் மனதில் என்ன இருந்தது என்று தேட வேண்டியதில்லை. 750 புதுச் சொற்களைப் பிறப்பித்த கற்பனை, ஒரே ஒரு வசைச் சொல்லைப் பிறப்பிக்க மெனக்கெடவில்லை. வசை வேண்டும் என்றதும் கை நேராக நம் தெருவுக்குள் வந்துவிட்டது. மகிழ்மதி இல்லாத நாடு, அதன் வசை மட்டும் இருக்கிற ஊரிலிருந்து போனது.

இன்னொரு பக்கம் பாருங்கள். ஹாலிவுட் மாயப் படங்களைத் தமிழில் டப் செய்யும்போது, அரசனும் மந்திரவாதியும் எழுத்துத் தமிழ் பேசுவார்கள். எடுபிடியும் திருடனும் விகாரமான பிராணியும் 'இன்னாபா, இட்டுனு வா' என்பார்கள். மூலத்தில் அப்படி ஒரு வேறுபாடு இல்லாத இடங்களிலும் இது நடக்கிறது. 'இன்னா' என்பது நம் பக்கத்துப் பேச்சு. திண்டிவனம் பக்கத்தில் ஒரு காலனியில் வளர்ந்தவன் நான். கல்லூரியில் முதல் வருடம் நான் வாய் திறந்தாலே வகுப்பு சிரிக்கும். அந்தச் சிரிப்பை அவர்கள் எங்கே பழகினார்கள் என்று பின்னால்தான் புரிந்தது.

அதனால்தான் 2024இல் வந்த தங்கலான் எனக்கு முக்கியம். சூனியக்காரி ஆரத்தி வருகிற ஃபேன்டசி அது. பா.இரஞ்சித் இயக்கம், வசனத்தில் அழகிய பெரியவன். கதாநாயகன் முதல் கைக்குழந்தையோடு நடக்கிற பெண் வரை எல்லோரும் பேசுவது வட ஆற்காட்டு உழைக்கும் மக்களின் பேச்சு. வசனம் புரியவில்லை என்று நிறையப் பேர் எழுதினார்கள். ஒலிப்பதிவில் குறை இருந்திருக்கலாம். ஆனால் கிளிக்கி புரியவில்லை என்று யாரும் குறைப்பட்டதாக எனக்கு நினைவில்லை. இல்லாத மொழி புரியாவிட்டால் பிரம்மாண்டம், பக்கத்துத் தெருப் பேச்சு புரியாவிட்டால் குறை!

இந்த ஊரில் நின்றுகொண்டு இதைப் பேசுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. குயிலாப்பாளையத்துச் சாலையில் தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு எல்லாம் காதில் விழும். இங்குள்ள பிள்ளைகள் மொழி விட்டு மொழி தாவுவது சாதாரணம். அந்த ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் 'பரையா', 'பாரியா' என்று ஒரு சொல் உண்டு. ஒதுக்கப்பட்டவர் என்று பொருள். பறையர் என்ற மக்களின் பெயர்தான் அது. நம் பெயர் கடல் தாண்டிப் போய் அவர்கள் அகராதியில் இழிசொல்லாக உட்கார்ந்திருக்கிறது. சப்டைட்டில் எழுதுகிறவர் 'ஒதுக்கப்பட்டவன்' என்பதற்கு அந்தச் சொல்லைப் போட்டால், யாருக்கும் தெரியாமல் இன்னொரு முறை அது நடக்கும்.

உங்களில் சிலர் சப்டைட்டில் வேலைக்குப் போவீர்கள், சிலர் டப்பிங் வசனம் எழுதுவீர்கள். எழுதும்போது மூன்றைக் கேளுங்கள். யாருடைய பேச்சுக்குப் பொருள் தரப்படுகிறது? யார் வாயில் எந்தத் தமிழ் போகிறது? வசை எந்தத் தெருவிலிருந்து எடுக்கப்படுகிறது?

இப்போது ஒரு பயிற்சி. ஹாரி பாட்டரில், மந்திரவாதிக் குடும்பத்தில் பிறக்காத ஹெர்மயனியை 'மட்பிளட்' என்று திட்டுகிறான் ஒரு பையன். சேற்று ரத்தம் என்று அர்த்தம். அதைத் தமிழில் எழுத வேண்டும். சட்டென்று நாக்கில் வருகிற சொற்கள் எல்லாம் எங்கிருந்து வருகின்றன என்று உங்களுக்கே தெரியும். எந்த மக்களின் பெயரும் அதில் இருக்கக் கூடாது. ஆனால் கேட்கிறவருக்கு அந்தப் பெண்ணின் வலி தெரிய வேண்டும், திட்டியவன் மேல் கோபம் வர வேண்டும். பத்து நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். எழுதியதை வாசியுங்கள், அங்கிருந்து உரையாடலைத் தொடங்குவோம்.