கரையேறிய முழவு
(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



ஆப்பிரிக்க முழவைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும், “அஞ்செட்டிக்கும் ஆப்பிரிக்காவுக்கும் என்ன தொடர்பு?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். நடந்து பார்த்தால் தெரியும் என்றேன். ஆகவே உங்களையும் சற்றே நடக்க அழைக்கிறேன்.

முதல் நடை, வடகன்னட மாவட்டத்து எல்லாப்பூர்க் காட்டுவழி. சென்ற ஆண்டு மாணவியர் சிலருடன் அங்கே இரண்டு நாள் நடந்தேன். எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு வட்டங்களில் சித்தியர் வாழ்கின்றனர். போர்த்துகீசியர் ஆப்பிரிக்காவிலிருந்து கோவாவுக்கு அடிமைகளாகக் கொணர்ந்து விற்றவர்களின் வழியினர் அவர்களுள் பலர். தப்பியோடிக் காடு புகுந்தவர்கள். 2003-இல்தான் அவர்கள் பழங்குடியினர் பட்டியலில் இடம்பெற்றனர். இந்து, கிறித்தவர், இசுலாமியர் என முச்சமயத்தாராக இருப்பினும், மறைந்த முன்னோரை ‘ஹிரியரு’ என்று ஒரே பெயரால் வழிபடுகின்றனர். ‘பால்’ அங்கே ‘ஹாலு’ ஆவதை அறிந்த எல்லையோரத்தார் நாம். ஹிரியரு நம் ‘பெரியர்’ என்பதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அம்மக்கள் தாய்மொழியை இழந்தனர்; கொங்கணியும் கன்னடமும் பேசுகின்றனர். ஆனால் ‘தமாம்’ என்னும் முழவை இழக்கவில்லை.

குசராத்தில் வாழும் சித்தியர் தம் ஆட்டத்தைக் ‘கோமா’ என்பர். பாந்து மொழிகள் பலவற்றில் ‘ங்கோமா’ என்றால் முழவு. அவர்களிடம் ‘மலுங்கா’ என்றொரு வில்யாழ் உண்டு. வில்லில் சுரைக்குடுக்கை கட்டியது. பிரேசில் நாட்டுக் கறுப்பின மக்களின் ‘பெரிம்பாவு’ இதற்கு உடன்பிறப்புப் போன்றது. இடையே இரு பெருங்கடல்கள்!

அடுத்த நடை, ஈழத்துப் புத்தளத்தை அடுத்த சிரம்பையடி. அங்குள்ள ஆப்பிரிக்க வழியினர் ‘மாஞ்சா’ என்னும் பாடல்களைப் போர்த்துகீசியக் கலப்பு மொழியில் பாடுகின்றனர். சில அடிகளே திரும்பத் திரும்ப வரும். மெல்லத் தொடங்கி விரையும். நாம் கேட்டு மகிழும் இலங்கைப் ‘பைலா’வின் பெயரும் போர்த்துகீசியம் தந்தது, ஆடுதல் என்பது பொருள்.

அதே கடலாதிக்கம்தான் மேற்கே பிரேசிலுக்கும் மனிதரைச் சுமந்து சென்றது. ரியோ நகருக்கு நான் சென்றதில்லை, நூல்வழியே நடந்தவள். வலோங்கோ என்னும் துறை 1811-இல் அமைந்தது. இலட்சக்கணக்கான ஆப்பிரிக்கர் அங்கே இறக்கப்பட்டனர். 1843-இல் பேரரசி ஒருத்தி வந்திறங்குவதற்காக அக்கற்களின் மீதே புதுத்துறை கட்டி மூடினர். 2011-இல் அகழ்ந்தபோது பழைய கற்கள் வெளிப்பட்டன. 2017-இல் உலக மரபுச் சின்னமாயின. அங்கிருந்து சிறிது நடந்தால் ‘உப்புப் பாறை’. துறைமுகக் கூலிகள் கூடிப் பாடிய இடம் அது. அவ்வட்டாரத்துக்குச் ‘சின்ன ஆப்பிரிக்கா’ என்று பெயர். பாகியாவிலிருந்து வந்த சியாத்தா அத்தை என்னும் கறுப்பினப் பெண்மணியின் வீட்டில் கூடியவர்களிடையே பிறந்த பாடல் 1916-இல் ‘சம்பா’ என்று பதிவாயிற்று. அங்கோலாவின் ‘செம்பா’ ஆட்டத்தோடு இச்சொல்லை அறிஞர் இணைப்பர்.

பிரேசிலில் அடிமைமுறை 1888-இல் ஒழிந்தது. முழவின் மீதிருந்த இழிவு ஒழியவில்லை. சுவான் த பயானா என்னும் கலைஞரின் கைப்பறையைக் காவலர் பறித்தனர் என்பதும், செனட்டர் ஒருவர் தம் பெயர் பொறித்த புதிய கைப்பறையை அவருக்கு அளித்தார் என்பதும் அங்கே மறவாது சொல்லப்படும் செய்தி. 1932-இல் சம்பாப் பள்ளிகளின் முதற்போட்டி நடந்தது. 1984-இல் அவற்றின் அணிவகுப்புக்கென்றே பெருமன்றம் எழுந்தது. இழிவென்றது நாட்டின் அடையாளம் ஆயிற்று.

அன்பர்களே, சம்பாவுக்கும் நம் பறைக்கும் குருதியுறவு உண்டென்று நான் கூறவில்லை. பட்ட பாடு ஒன்று என்கிறேன். தொல்காப்பியர் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களுள் பறையை வைத்தார். நாமோ அதைச் சாவுக்குரியதென்று ஊர்ப்புறத்தே நிறுத்தினோம்.

ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். என் முனைவர் பட்ட ஆய்வு சங்க இலக்கியத்து இசைக்கருவிகள் பற்றியது. நூற்றுக்கணக்கான அடிகளைத் தொகுத்தேன். ஆனால் மாரியம்மன் திருவிழாவில், வைக்கோல் தீயில் தோலைக் காய்ச்சி விரலால் தட்டிப் பதம் பார்த்துக்கொண்டிருந்த நம்மூர்ப் பெரியவரிடம் ஒரு சொல்லும் கேட்டேனல்லேன். அவர் அதைத் ‘தமட்டெ’ என்பார். பக்கத்து ஊரார் ‘தப்பட்டை’ என்பர். காட்டில் சித்தியரிடம் கேட்கத் தெரிந்த எனக்கு, என் தெருவில் கேட்கத் தெரியவில்லை. கேட்கலாம் என்று சென்றபோது அவர் இல்லை. அவர் மகன் ஓசூரில் தொழிற்சாலை வேலைக்குப் போகிறார். பறை பரணில் இருக்கிறது.

இன்று காலை இவ்விழாவுக்கு நம்மை முழக்கி அழைத்து வந்தவர்கள் நால்வர். அழைப்பிதழில் கவிஞர் எல்லோருடைய பெயரும் உண்டு; அந்நால்வர் பெயர் இல்லை. வரும் ஆண்டு அவர்கள் பெயரும் அச்சேறட்டும். அவர்கள் வாசலில் அல்ல, இம்மேடையில் அமர்ந்து தம் அடவுகளின் பெயர்களைத் தாமே சொல்லட்டும்; கவிஞர்களாகிய நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள். இதுவே இவ்வட்டத்திடம் என் வேண்டுகோள்.