மணலைப் பார்க்கப் போனோம்

(பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். எழுதியவர்: பயிற்சி பெற்ற ஆசிரியர், தோட்டத் தமிழ்ப்பள்ளி, கோத்தா திங்கி வட்டாரம், ஜொகூர்)

 

சென்ற ஆண்டிறுதி விடுமுறையில் ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் 22 பேரைச் சிங்கப்பூருக்கு அழைத்துச் சென்றோம். சுற்றுலா முடிந்த மறுவாரமே ஒரு பெற்றோர் என்னிடம் கேட்டார்: "சிங்கப்பூர் வரைக்கும் கூட்டிக்கிட்டுப் போயி, மிருகக்காட்சிச் சாலைய விட்டுட்டு, மண்ணையும் நண்டையுமா சார் காட்டினீங்க?" அவர் கோபமாகக் கேட்கவில்லை, நியாயமாகத்தான் கேட்டார். கைக்காசு போட்டுப் பிள்ளையை அனுப்பியவர். தலைமையாசிரியர் அவர்கள் அந்தப் பதிலை எல்லோருக்கும் பொதுவாகவே சொல்லிவிடச் சொன்னார். அதனால்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

நாம் சிங்கப்பூர் போனால் எங்கே போவோம்? தேக்காவுக்குத்தான். தீபாவளிக்குச் சேலை, மாலைக்குப் பூ, வாழையிலைச் சாப்பாடு, பிறகு பஸ் ஏறி வீடு. அரசாங்கம் லிட்டில் இந்தியா என்று பலகை வைத்திருந்தாலும் நம் வாயில் அது தேக்காதான். பிள்ளைகளும் அங்கேதான் பசியாறினார்கள். தோசையைப் பிய்த்துக் கொண்டிருந்தவர்களிடம் ஒரு கேள்வி போட்டேன்: "சிரங்கூன் சாலைங்கிற பேரு எப்படி வந்துச்சு?" யாருக்கும் தெரியவில்லை. 'ரங்கோங்' என்னும் சதுப்புநிலப் பறவையின் மலாய்ப் பெயரிலிருந்து வந்தது என்று சொல்லுவார்கள். பக்கத்திலேயே எருமைச் சாலை. இன்னொன்று கெர்பாவ் சாலை, அதுவும் மலாயில் எருமைதான். புல்லும் தண்ணீரும் இருந்ததால் மாடு வளர்த்த இடம். சதுப்பு போய்விட்டது, மாடும் போய்விட்டது. பெயர்ப்பலகை மட்டும் நிற்கிறது.

அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் பீச் ரோடு வரும். பெயரைப் பார்த்துப் பிள்ளைகள், "கடல் எங்கே சார்?" என்றார்கள். முன்பு கடல் அந்தச் சாலையின் ஓரத்தில்தான் இருந்தது. தூர்த்துத் தூர்த்துக் கடலைத் தள்ளிக் கொண்டே போய்விட்டார்கள். 1960-களில் சுமார் 580 சதுர கிலோமீட்டராக இருந்த சிங்கப்பூர், இன்று 730 சதுர கிலோமீட்டருக்கு மேல். இவ்வளவு நிலத்தை நிரப்ப மண் வேண்டுமே! முதலில் சொந்தக் குன்றுகளை வெட்டினார்கள். பெடோக் பக்கத்துக் குன்றுகளெல்லாம் அப்படித்தான் கிழக்குக் கரைக்குப் போய்ச் சேர்ந்தன. பிறகு அண்டை நாடுகளிலிருந்து வாங்கினார்கள். நம் மலேசியா 1997-இலும் இந்தோனேசியா 2007-இலும் மணல் ஏற்றுமதிக்குத் தடை போட்டன. உலகத்திலேயே மிக அதிகமாக மணல் இறக்குமதி செய்யும் நாடு சிங்கப்பூர் என்று ஐக்கிய நாட்டுச் சுற்றுச்சூழல் திட்டம் 2014-இல் எழுதியது. பாலைவனத்தில்தான் மணல் கொட்டிக் கிடக்கிறதே என்பீர்கள். அந்த மணல் காற்றில் உருண்டு உருண்டு வழவழப்பாகி விடும். சிமெண்டோடு நன்றாகப் பிடிக்காது. ஆற்று மணலும் கடல் மணலும்தான் விலை போகும்.

இப்படி மணலுக்குப் பசித்த ஊரில், கடலோர மணல்திட்டு ஒன்றைத் தூர்க்காமல் விட்டு வைத்திருக்கிறார்கள் என்றால் அதைப் பார்க்க வேண்டாமா? அதுதான் புலாவ் உபின் தீவின் கிழக்கு முனையில் இருக்கும் செக் ஜாவா.

பெரிய மணல்மேடுகளை எதிர்பார்த்துப் போகாதீர்கள். மணல்மேடு உண்டாவதற்கு உலர்ந்த மணல், ஓயாத காற்று, மணல் நகர்ந்து குவிய வெட்டவெளி, மூன்றும் வேண்டும். தூத்துக்குடி, திருச்செந்தூர்ப் பக்கத்துச் செம்மண் தேரியைப் பற்றி உங்கள் வீட்டுப் பாட்டிமார் சொல்லியிருக்கலாம். யாழ்ப்பாணத்து வடமராட்சிக் கிழக்கில் மணற்காடு என்றே ஓர் ஊர் உண்டு. நம் நாட்டிலும் மழைக்காலக் கடற்காற்று அடிக்கும் கிழக்குக் கரையில் மணல் வரம்புகள் உண்டு. ஜொகூர் நீரிணை அமைதியான தண்ணீர். அங்கே மணல் மேலே ஏறிக் குவிவதில்லை. தண்ணீருக்கடியில் படிந்து, நீர் வற்றும் வேளையில் மட்டும் திட்டாகத் தலை காட்டும். வெள்ளம் ஏறினால் மறைந்துவிடும். அதனால் நீர் வற்றும் அட்டவணையைப் பார்த்துத்தான் நாள் குறித்தோம். நல்ல நேரம் பார்ப்பது போலத்தான்!

போகும் வழியையும் சொல்லி விடுகிறேன். தேக்காவில் ரயில் ஏறி இரண்டாவது நிலையமான பூகிஸில் இறங்கி, பச்சைத் தடத்தில் தானா மேரா. அங்கிருந்து 2-ஆம் எண் பஸ் சாங்கி கிராமம் வரை போகும். படகுத்துறையில் 12 பேர் சேர்ந்தால் படகு கிளம்பும். பத்து நிமிடத்தில் அக்கரை. செக் ஜாவா துறைமேடையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு மேல். நாங்கள் நடந்தோம். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நடை ஒரு பொருட்டா? பட்டணத்துப் பிள்ளைகள்தான் வேனுக்கு நின்று கொண்டிருந்தார்கள்.

உபின் தீவில் வெகுகாலம் கருங்கல் உடைத்தார்கள். நீங்கள் பலர் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் நெருக்கியடித்துக் கொண்டு தாண்டுகிறீர்களே, 1924-இல் திறந்த ஜொகூர் பாலம், அதற்கும் இந்தத் தீவிலிருந்தும் புக்கிட் தீமாவிலிருந்தும்தான் கல் போனது. இன்று அந்தக் கல்குழிகளில் தண்ணீர் நிறைந்து குளமாகக் கிடக்கிறது.

செக் ஜாவா வாசலில் 1930-களில் கட்டிய ஒரு பங்களா நிற்கிறது. தலைமை நில அளவையாளராக இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஓய்வுக்காகக் கட்டியது. நம் பழைய துரை பங்களாவைப் போலத்தான், ஆனால் உள்ளே குளிர்காயும் அடுப்பு இருக்கிறது! இந்த வெயிலில் யாருக்குக் குளிர்ந்ததோ தெரியவில்லை. அதைத் தாண்டினால் கடலுக்கு மேல் நடைபாதை. மொத்தம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஒரு சுற்று கடலோரம், மறு சுற்று அலையாத்திக் காட்டுக்குள். நாம் பாக்காவ் என்போமே, அந்த மரம். காட்டு மட்டத்துக்கு மேலே நின்று பார்க்க ஒரு கோபுரமும் உண்டு.

பிள்ளைகள் போட்ட சத்தம் அங்கே தானாக அடங்கியது. நான் ஒரு முறை கூட அதட்டவில்லை. தண்ணீர் மெல்லப் பின்வாங்க, மணல்திட்டு நெளிநெளியாகத் தெரிய ஆரம்பித்தது. கடற்புல் பச்சைப் பாயாகப் படுத்துக் கிடந்தது. கம்பளம் விரித்தாற்போல் கடற்சாமந்தி. அலையாத்தி வேர்களுக்கிடையே ஒரு கை மட்டும் பெருத்த ஆண் நண்டுகள், பெண் நண்டைக் கூப்பிட்டுக் கையை ஆட்டிக் கொண்டிருந்தன. மரத்தில் ஓர் இருவாட்சி வந்து உட்கார்ந்தது. அந்தப் பறவை சிங்கப்பூரில் நூறாண்டுக்கு மேல் காணாமல் போயிருந்து, 1994-இல்தான் உபினுக்குத் திரும்பி வந்தது.

திரும்பும் வழியில் சாங்கிக் கடற்கரையில் இறங்கினோம். அங்கே ஒரு சென்டிமீட்டர் அளவு நண்டு. வளையிலிருந்து வெளியே வரும். மணலை அள்ளி வாயில் போடும். மணியில் ஒட்டியிருக்கும் நுண்ணுயிரைத் தின்றுவிட்டு, மிச்ச மணலை மிளகு போல உருட்டிப் பின்னால் தள்ளும். வளையைச் சுற்றிக் கதிர் கதிராக உருண்டைகள். கோலப் புள்ளி வைத்தது போல இருக்கும். வெள்ளம் ஏறினால் அத்தனையும் அழியும். அடுத்த வற்றில் மறுபடி முதலிலிருந்து. நான்காம் பிரிவில் பால் வெட்டும் ஓர் அம்மாவின் மகள் அதைப் பார்த்து, "எங்கம்மா மாதிரியே தினமும் அதே வேலை" என்றாள். நான் எதுவும் சொல்லவில்லை.

இனி, இந்த இடம் தப்பிய கதை. செக் ஜாவாவையும் தூர்த்து நிலமாக்கத் திட்டம் இருந்தது. அங்கே என்ன இருக்கிறதென்று பெரும்பாலோருக்குத் தெரியாது. 2000 டிசம்பருக்குப் பிறகுதான் செய்தி பரவியது. 2001-இல் அருங்காட்சியக ஆய்வாளர்களும் தொண்டர்களும் நீர் வற்றும் நாளெல்லாம் போய் உயிர்களைக் கணக்கெடுத்தார்கள். மூடப் போகிறார்களே, ஒரு முறையாவது பார்ப்போம் என்று குழந்தை குட்டிகளோடு மக்கள் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார்கள், அரசாங்கத்துக்கு அறிக்கை கொடுத்தார்கள். கொடி பிடிக்கவில்லை, கோஷம் போடவில்லை. 2001 டிசம்பரில் அரசாங்கம் வேலையைத் தள்ளி வைத்தது. 2002 ஜனவரியில், வளர்ச்சிக்கு உபின் தீவு தேவைப்படாத வரை தூர்ப்பதில்லை என்று உறுதி சொன்னது. அந்த வாசகத்தைக் கவனியுங்கள். 'என்றைக்கும்' என்று அதில் இல்லை. இருந்தாலும் 2007 ஜூலையில் நடைபாதையைத் திறந்தார்கள். மிதிக்காமல் பார்க்க வழி செய்தது நல்ல யோசனை என்பது என் கருத்து.

நடைபாதையில் நிற்கும்போது ஒரு பையன் பக்கத்துத் தீவைக் காட்டி, "அதுதான் தேக்கோங்கா சார்? எங்கப்பா அங்கதான் மண்ணு கொட்டற லாரி ஓட்டினாரு" என்றான். பெருமையாகச் சொல்வதா, மறைப்பதா என்று அவன் முகத்தில் குழப்பம். நான் சொன்னேன்: "உங்கப்பா அனுப்பின காசுலதான் நீ படிக்கிறே. அதுல வெட்கப்பட ஒண்ணுமில்ல." அதே தேக்கோங்கில் மணலைக் குறைவாகப் பயன்படுத்த, சுற்றி அணை கட்டி உள்ளே தண்ணீரை இறைத்து நிலமாக்கும் முறையை 2016-இல் அறிவித்தார்கள். மணலின் அருமை அவர்களுக்கும் தெரிந்துதான் இருக்கிறது.

நான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிதான். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கியை மூழ்கடித்த வெள்ளத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கூரை மேல் ஏறி உட்கார்ந்தவர்கள் இந்தச் சபையிலேயே இருக்கிறீர்கள். அந்த வெள்ளம் எங்கே போய்ச் சேர்ந்தது? ஜொகூர் ஆறு நீரிணையில் விழுகிறது. அந்த நன்னீர் கடலில் கலந்து உப்பு குறைந்து போய், செக் ஜாவாவில் நட்சத்திர மீனும் கடற்சாமந்தியும் கூட்டம் கூட்டமாகச் செத்தன. திரும்பி வளர ஆண்டுகள் பிடித்தன. அவர்கள் தூர்க்காமல் காப்பாற்றியதை நம் ஆற்று வெள்ளம் போய் அடித்தது. வெள்ளம் நம் கையில் இல்லை, சரி. ஆனால் செம்பனைக்குப் போடும் உரமும், மருந்து டப்பாவைக் கழுவும் தண்ணீரும், லயத்துக் காணில் எறியும் பிளாஸ்டிக்கும் அதே ஆற்று வழியாகத்தான் போகின்றன. நடைபாதையிலிருந்து எதிரே தெரிந்த கரையைப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். "அது எந்த நாடு சார்?" என்றார்கள். "நம்ம ஜொகூர்தான்" என்றபோது நம்ப மாட்டேன் என்றார்கள்.

கடப்பிதழ் எடுக்க முடியாத பிள்ளைகளும் நம்மிடம் உண்டு. பிறப்புப் பத்திரச் சிக்கல் உள்ள குடும்பங்களை நான் அறிவேன். அவர்களை விட்டுவிட்டுப் போனது எனக்கு உறுத்தல்தான். ஆகவே அடுத்த பயணம் எல்லை தாண்டாது. நம் மாநிலத்திலேயே தஞ்சோங் பியாய் இருக்கிறது, ஆசியப் பெருநிலத்தின் தென்கோடி முனை. அதற்குப் பக்கத்தில் புலாவ் குக்குப், முழுக்க முழுக்க அலையாத்தித் தீவு. இரண்டும் 2003-இல் அனைத்துலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தவை.

பெயர் கொடுக்க விரும்புவோர் இம்மாத இறுதிக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுக்கலாம். நாள் எதுவென்று நீர் வற்றும் அட்டவணை பார்த்துச் சொல்கிறேன். சோறு கட்டிக் கொண்டு வரலாம், வாழையிலையில் கட்டினால் நல்லது. சிலிப்பர் வேண்டாம், காலணி போட்டு அனுப்புங்கள். கிளிஞ்சலோ மணலோ பையில் போட்டு எடுத்து வரக்கூடாது என்று வீட்டிலும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்.